ஓரத்தில் நின்றால் தலை நீளும்

என் கல்யாணப் படத்தில் சின்ன மாமாவுக்கு வலது காது கிடையாது. காதோடு போயிருந்தால் தேவலை. வலது தோளும் இல்லை, கையும் இல்லை. மிச்சமிருக்கும் மனிதர் மட்டும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார், பாவம், தனக்கு என்ன நேரப்போகிறது என்று தெரியாமல்.

படம் சிங்கப்பூர் தோ பாயோவில் என் மாமனார் வீட்டு ஹாலில் தொங்குகிறது. எதையும் தலைகீழாகச் செய்வது மாமனாரின் வழக்கம். முதலில் சட்டத்தை வாங்கிவிட்டார். மூலைக்கு மூலை மயில் வைத்து, தங்கமுலாம் பூசிய சட்டம். பிறகுதான் படத்தைப் பெரிதாக்கினார். படம் அகலமாக வந்துவிட்டது, சட்டமோ குறுகல். சட்டம் போடுகிற கடைக்காரர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஓரத்தையும் நறுக்கி உள்ளே தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் போனது ஒரு வாழைமரம். இந்தப் பக்கம் போனது மாமனாரின் கூடப்பிறந்த தம்பி.

அந்தத் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்த சின்ன மாமா, முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் படத்தைப் பார்த்தார். முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார். "என்னை வெட்டிட்டீங்களே அண்ணே" என்றார். "அடடா, தவறிப்போச்சுடா" என்று மாமனார் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொன்னது, "கடைக்காரன் செஞ்சதுக்கு நான் என்ன பண்றது? நானா கத்திரிக்கோல் வச்சிருந்தேன்?" சின்ன மாமா எழுந்து போய்விட்டார். படத்தை மாற்றிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். மாட்டினது மாட்டினதுதான் என்றார் மாமனார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆட்கள் ஒரு வீட்டில் ஒருவர் இருந்தால் சமாளிக்கலாம். இந்த வீட்டில் இரண்டு பேர்.

அதன் பிறகு பல வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும், "அவரை அந்த உப்பைத் தள்ளச் சொல்லு" என்று நடுவில் இருக்கிறவரிடம்தான் சொல்வார்கள். நடுவில் இருக்கிறவர் பெரும்பாலும் என் மனைவி. அவள் உப்பைத் தள்ளியே ஓய்ந்துபோனாள். நானோ அந்தக் காதில்லாத படத்துக்குக் கீழே உட்கார்ந்து வருஷா வருஷம் தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டேன். படத்தில் மாப்பிள்ளை நான்தான் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

இப்போது என் தொழிலைச் சொல்ல வேண்டும். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை ட்ரோன் விட்டுப் படமெடுத்து, எங்கே விரிசல், எங்கே பூச்சு உரிகிறது என்று பார்க்கும் வேலை. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தே என் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. வேலைக்கான ட்ரோன் நிறுவனத்துடையது, பெரியது. எனக்கென்று உள்ளங்கையில் அடங்குகிற சின்னது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செய்தியில் அதற்கு ஆளில்லா வானூர்தி என்று பெயர். என் மாமியார் தும்பி என்பார். என் மனைவி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "உங்க சின்ன வீடு" என்பதோடு சரி.

சிங்கப்பூரில் ட்ரோன் வைத்திருப்பவன் பாதி நேரம் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பறக்கலாம், அங்கே கூடாது, இன்னோர் இடத்தில் கேட்டுக்கொண்டு பறக்கலாம். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு எரியும்போது ஒரே ஒரு முறை மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்த வட்டாரத்து வானம் நம்மைப் போன்றவர்களுக்குத் திறக்காது. கீழே கூட்டத்தில் இடிபட்டு நின்று, எல்லோரையும் போல கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத்தான் எடுத்துக்கொள்கிறேன். இடிபடுவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய அத்தை என்னைத் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார். மாமனாருக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்த அக்கா அவர். சொந்தத்தில் எல்லோருக்கும் பெரிய அத்தைதான், எனக்கும் அப்படியே வந்துவிட்டது. தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவர் பேசினால் படுத்திருக்கிற நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான், அப்படி ஒரு குரல். சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் ஒரு மேசையைப் பிடித்து, எனக்கும் சேர்த்துத் தோசை வாங்கி வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை, அடுத்த மாசம் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துல இருக்கிற மகன்கிட்ட போறேன். போனா போனதுதான். இந்த முட்டிய வச்சிக்கிட்டு ஏரோப்ளேன் ஏறி ஏறி இறங்க முடியாது."

"தெரியும் அத்தை."

"போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ வேணும். எல்லாரும் இருக்கணும். முக்கியமா என் தம்பிங்க ரெண்டு பேரும் ஒரே போட்டோல இருக்கணும். அங்க போய் சுவத்துல மாட்டினா, எனக்குன்னு இருக்கிறவங்க எல்லாம் ஒரே இடத்துல இருக்காங்கன்னு தெரியணும்."

நான் புத்திசாலி போல ஒரு வழி சொன்னேன். "ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து கம்ப்யூட்டர்ல சேர்த்துடலாம் அத்தை. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

நான் தோசையைப் பிய்த்தேன். அவரே தொடர்ந்தார். "உங்க தும்பியை விட்டு எடுங்க. சாதா கேமராக்காரனைக் கூப்பிட்டா ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வர மாட்டான். பறக்கிற சாமானைப் பார்க்கிற ஆசையில ரெண்டு பேரும் வந்துடுவானுங்க. சின்ன வயசுல பட்டம் விட்டா ரெண்டும் சோறு தண்ணி இல்லாம அண்ணாந்தே நிக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணீரை ஆற்றினார். அது ஏற்கனவே ஆறித்தான் இருந்தது.

அவர் கணக்கு தப்பவில்லை. நான் கேட்டதும் இருவருமே வருகிறேன் என்றார்கள், ஆளுக்கு ஒரு நிபந்தனையோடு. மாமனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க மனிதர்களை மேலேயிருந்தே பார்த்தவர். "மேலருந்து எடுத்தா எல்லாரும் வெறும் மண்டைதான் மாப்பிள்ளை, முகம் தெரியாது. நல்லா பார்த்து எடுங்க" என்று சொல்லி, உச்சந்தலையில் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பிறகு நிபந்தனை வந்தது. "அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவுல யார் வேணா நிக்கட்டும்."

சின்ன மாமா பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் திடலைச் சுற்றி ஓடி, இடுப்பை இளைஞன் மாதிரி வைத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. "எனக்கும் அண்ணன் பக்கத்துல நிக்கணும்னு ஆசை இல்லை. கோடிதான் வேணும். ஆனா மாப்பிள்ளை, முழுசா வரணும். காது ரெண்டும் வரணும்" என்றார்.

இப்படித்தான் எனக்கு வைட் லென்ஸ் தேவைப்பட்டது. நாற்பது பேர். அண்ணன் ஒரு கோடி, தம்பி மறு கோடி. வரிசை வரிசையாக நிறுத்தலாம் என்றால், பின்வரிசையில் நிற்க ஒருவரும் தயாரில்லை. புதுப் புடவை எடுத்தவர்கள் பின்னால் நிற்பார்களா? ஆக எல்லோரும் ஒரே நீள வரிசை. ஆட்களின் தலைக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிடக் கூடாது, முன்பக்கம் தள்ளி, சாய்வாக நின்றுதான் எடுக்க வேண்டும். சாதாரண லென்ஸில் அத்தனை நீளத்தையும் பிடிக்க வேண்டுமென்றால் வெகுதூரம் பின்னால் போக வேண்டும். எனக்கு அனுமதி கிடைத்த திடலிலோ பின்னால் போனால் தூங்குமூஞ்சி மரங்கள், அதற்குப் பின்னால் சாலை. அப்படியே போக முடிந்தாலும் முகமெல்லாம் கடுகாகிவிடும்.

வைட் லென்ஸ் என்பது ட்ரோன் கேமராவின் முகத்தில் மாட்டுகிற இருபது காசு அளவு கண்ணாடி. அதை மாட்டினால் கிட்டே நின்றே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கலாம். விலையைக் கேட்டு என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். ஆனையை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்க யோசிப்பதா என்றேன். "ஆனையையே யாரும் வாங்கச் சொல்லலையே" என்றாள்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நடுவில் இருப்பதை உள்ளபடி காட்டும். ஓரத்துக்குப் போகப் போக வெளியே இழுத்துவிடும். சப்பாத்தி தேய்க்கும்போது கட்டை ஓரத்து மாவை இழுத்துக்கொண்டு போகுமே, அந்த மாதிரி. ஓரத்தில் நிற்கிற கட்டடம் சாயும், மனிதன் அகலமாவான், தலை சுரைக்காய் ஆகும். சுவர்களை எடுக்கும்போது எனக்கு அது பழகிப்போன விஷயம். சுவர் வந்து என்னை ஏன் இப்படிக் காட்டினாய் என்று கேட்டதில்லை. குடும்பப் படத்தில் அது இவ்வளவு பெரிய சமாசாரமாகும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு காதும் வரும், ஒவ்வொன்றும் அப்பளம் அளவு வந்தாலும் வரும், அது போதும் என்றுதான் இருந்தேன்.

படமெடுக்கக் குறித்த நாள் சாயங்காலம், வாடகைப் பேருந்தில் எல்லோரையும் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் சின்ன மாமா கடைசி சீட்டுக்குப் போய்விட்டார், அங்கிருந்தபடியே ஓட்டுநர் வளைவை எப்படித் திருப்புகிறார் என்று வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய அத்தை கரும்பச்சைப் பட்டில், மல்லிகைப்பூ வைத்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தார். திடலில் இறங்கியதும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அதுதான் நடு என்று எல்லோரையும் இரண்டு பக்கமும் நிற்க வைத்தேன். அண்ணன் கிழக்கே போனார், தம்பி மேற்கே போனார். இருவருக்கும் நடுவில் ஒரு பேருந்து நிறுத்தத் தூரம் என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

ட்ரோனைப் புல்லில் விரித்திருந்த பாயில் வைத்துவிட்டு, எங்கே பேருந்தை நிறுத்துவது என்று கேட்ட ஓட்டுநரிடம் பேசப் போனேன். திரும்பி வந்து மேலே ஏற்றினேன். என் கையிலிருந்த திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. குடும்பம் மொத்தமும் செவ்வாய் கிரகத்தில் நிற்கிற மாதிரி ஒரு தோற்றம். அந்தி வெயில்தான் இப்படி விழுகிறதோ என்று ஒரு கணம் நானும் வானத்தைப் பார்த்தேன். வானம் சாம்பல் நிறத்தில், மழைக்குத் தயாராக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, முழிக்கிறீங்க?" என்றார் பெரிய அத்தை.

"எல்லாம் சிவப்பா தெரியுது அத்தை."

என் மாமியார் சிரித்த முகத்தோடு சொன்னார். "பொட்டு வச்சிருக்கேன் மாப்பிள்ளை. புது சாமான் இல்லியா, நாப்பது பேர் கண்ணும் அதும்மேலதானே இருக்கும்."

"எங்க வச்சீங்க?"

"கண்ணுலதான். கண் இருக்கிற இடத்துலதானே கண்ணு படும்."

ட்ரோனை இறக்கிப் பார்த்தால், புத்தம் புது லென்ஸின் நட்டநடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், அளவெடுத்து வைத்ததைப் போல வட்டமாக இருந்தது. என் கண் இமையைக்கூட நான் இவ்வளவு பயந்து பயந்து துடைத்ததில்லை. கண்ணாடி சுத்தமாகிவிட்டது, அதைச் சுற்றியிருக்கிற பள்ளத்தில் சந்தனம் போய் உட்கார்ந்துகொண்டது. ஊக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருபது பெண்கள் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் அவர்கள் முந்தானையைச் சரிசெய்ய நிறைய நேரம் போனது. வானம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய அத்தை அவரைப் பார்த்தார். மாமனார் கையை இறக்கிக்கொண்டார்.

மறுபடி ஏற்றினேன். இந்த முறை படம் பளிச்சென்று இருந்தது. நாற்பது பேரும் இருந்தார்கள், யாரும் வெட்டுப்படவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எல்லாரும் வந்துட்டீங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

முதலில் வந்தது மாமனார். திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "இது யாரு, சுரைக்காய் மாதிரி?"

"அது... நீங்கதான் மாமா. இந்த லென்ஸ் ஓரத்துல இருக்கிறவங்களைக் கொஞ்சம் இழுக்கும்."

"கொஞ்சமா?" என்றார். சாயம் போட்டுப் படிய வாரிய தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "உள்ள வந்தா இழுக்காதா?"

"உள்ள வர வர சரியாயிடும்."

அவர் போய், தனக்கு அடுத்து நின்ற மச்சினரைத் தாண்டி ஓர் ஆள் உள்ளே நின்றுகொண்டார். அடுத்து மேற்கிலிருந்து சின்ன மாமா வந்தார். இரண்டு காதும் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பார்வை கீழே இறங்கியது. தினமும் ஓடிக் காப்பாற்றிய இடுப்பு, லென்ஸின் கைங்கரியத்தில் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது.

"இந்த வயிறு என்னோடது இல்ல" என்றார்.

"ஓரம்தான் காரணம் மாமா."

"பஸ் கண்ணாடி ஓரத்துல உப்பித் தெரியுமே, அதே கேஸா?" என்று கேட்டுவிட்டு அவரும் போய் இரண்டு ஆள் உள்ளே தள்ளி நின்றார்.

நான் இன்னொரு படம் எடுத்தேன். மாமனார் திரும்ப வந்து பார்த்தார், திரும்ப உள்ளே போனார். எதிர்ப்பக்கம் தம்பி எவ்வளவு உள்ளே வந்திருக்கிறார் என்று ஓரக்கண்ணால் அளந்ததை நான் பார்த்தேன். தம்பியும் அதையே செய்தார். இதற்குள் விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. ஓரத்தில் நின்றால் தலை நீளுமாம், உடம்பு ஊதுமாம். பட்டுப்புடவைகளெல்லாம் ஒரே நேரத்தில் நடுவை நோக்கி நகர ஆரம்பித்தன. "கொஞ்சம் தள்ளிக்கோங்க." "நான் ஏன் தள்றது, நீங்க போங்க ஓரமா." "என் பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம்லா, அவளை நடுவுல விடுங்க." கோயில் பிரசாத வரிசைகூட இவ்வளவு நெருக்கி நான் பார்த்ததில்லை. நான் மெனக்கெட்டுப் பிரித்து நிறுத்திய நீள வரிசை, கண்ணெதிரே ஒரு மூட்டையாகிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் பழைய இடத்துக்குப் போங்க" என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. திரையில் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. மாற்றுப் பேட்டரியைக் குங்குமக் கலவரத்திலேயே தீர்த்திருந்தேன். கையில் ஒரு மழைத்துளி விழுந்தது. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. இந்தப் படம் இன்றைக்கு வராவிட்டால், இந்த இரண்டு பேரையும் இன்னொரு தடவை யாரால் ஒரே திடலுக்குக் கொண்டுவர முடியும்? பெரிய அத்தை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகமாகத்தான் இருந்தார், ஆனால் மடியில் இரண்டு கையும் இறுகப் பின்னிக்கிடந்தது.

அப்போதுதான் நாற்காலிக்கு இடப்பக்கம் பார்த்தேன். கிழக்கேயிருந்து தள்ளப்பட்ட மாமனாரும், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து மாட்டிய சின்ன மாமாவும், இரண்டு பக்கக் கூட்டத்துக்கும் நடுவில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அசைய இடமில்லை. இருவரும் நேராகக் கேமராவைப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லாத மாதிரி விறைத்து நின்றார்கள். வரிசையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ட்ரோனின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

மாமனார்தான் முதலில் குனிந்து தரையைப் பார்த்தார்.

"காலை மிதிக்கிற."

பக்கத்தில் உப்பைத் தள்ளச் சொல்ல யாரும் இல்லை. என் மனைவி வெகுதூரத்தில், தன் புடவையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தம்பியிடம்தான் அவர் சொன்னார், நேராக.

சின்ன மாமாவும் குனிந்தார். "நான் எங்க மிதிச்சேன்? நீங்கதான் என் ஷூ மேல நிக்கிறீங்க."

"தள்ளி நில்லுடா."

"எங்க தள்றது? ஓரமாப் போனா தலை நீண்டுடும்லா அண்ணே."

அந்த 'அண்ணே'யில் விரல் தானாக அழுத்திவிட்டது. அடுத்த நிமிஷம் ட்ரோன் தரையிறங்க வேண்டும் என்று கூவ ஆரம்பித்தது, மழையும் பிடித்துக்கொண்டது. நாற்பது பேரும் பட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினோம். பேருந்தில் யார் எங்கே உட்கார்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. ஈரமான ட்ரோனைச் சட்டைக்குள் வைத்துக் காய வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எங்கேயோ இரண்டு பெரிய குரல்கள், யார் யாரை மிதித்தது என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தன. பெரிய அத்தை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மழைத்தண்ணீர் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

தொழில்காரன் கண்ணால் பார்த்தால் அது மோசமான படம். அகலத்துக்காகவே வாங்கிய லென்ஸில் எடுத்தது. ஆனால் இரண்டு ஓரத்திலும் வெறும் புல்தான் அகலமாகக் கிடக்கிறது, ஆள் எல்லாம் நடுவில் அடைந்து கிடக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பேர் மேலே பார்க்கிறார்கள், இரண்டு பேர் தரையைப் பார்க்கிறார்கள். ஓரத்துப் புல்லை வெட்டிவிட்டுச் சின்னதாகக் கொடுக்கட்டுமா என்று பெரிய அத்தையிடம் கேட்டேன். "ஒண்ணையும் தொடாதீங்க மாப்பிள்ளை, அப்படியே குடுங்க" என்றார். பெர்த்துக்குப் போனதும் அதை அடுக்களையில் மாட்டியிருக்கிறார். அடுப்படியில் நிற்கும்போது பார்க்க வசதியாம்.

இதெல்லாம் முடிந்தும் பஞ்சாயத்து முடியவில்லை. மாமனார் தினமும் காலையில் தம்பிக்குப் போன் போடுகிறார், ஒப்புக்கொள்ளச் சொல்லி. தம்பி சாயங்காலம் திருப்பிப் போடுகிறார், ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்ல. நடுவில் சாப்பிட்டாச்சா, முட்டிக்கு அந்தத் தைலம் வாங்கினாயா, அக்கா கூப்பிட்டாளா என்று ஒரு மணி நேரம் போகிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது இருவரில் ஒருவர் என்னைக் கூப்பிடுவார். "மாப்பிள்ளை, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க. யார் கால் மேல யார் கால்னு தெரியும்ல?"

பெரிசாக்கிப் பார்த்துவிட்டேன், எடுத்த அன்றைக்கே. இந்த லென்ஸ் ஓரத்தைத்தான் கெடுக்கும், நடுவில் புல்லின் நுனிகூடத் தெரியும். தோல் செருப்பும் தெரிகிறது, ஓட்டப்பந்தய ஷூவும் தெரிகிறது, எது மேலே எது கீழே என்பதும் தெரிகிறது.

"சரியா தெரியல மாமா" என்று இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.